கட்டமா, கோடா, கூட்டமா: தர்க்கப் புதிருக்கு எந்தப் படம் வரைவது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் சனிக்கிழமை டியூசனுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு தர்க்கப் புதிரை (நாலைந்து நிபந்தனை கொடுத்து, யார் எந்த இடம், யார் யாரோடு என்று கண்டுபிடிக்கச் சொல்வது) நீட்டினால், முக்கால்வாசிப் பேர் கேள்வியை முழுதாகப் படிப்பதற்கு முன்பே ரூலரை எடுத்து அட்டவணை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இடது பக்கம் பெயர்கள், மேலே நாட்கள், நடுவில் டிக்கும் கிராசும். யூடியூபில் யாரோ அப்படிச் செய்து காட்டியிருப்பார், அதனால் எல்லாப் புதிருக்கும் அட்டவணை. சில புதிருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மற்றதற்கெல்லாம், கோடு போட்டு முடிப்பதற்குள் நேரம் பாதி போயிருக்கும், அட்டவணைக்குள் எழுத முடியாத நிபந்தனைகள் தாளின் ஓரத்தில் அனாதையாகக் கிடக்கும்.

எந்தப் புதிருக்கு எந்தப் படம் என்று தேர்ந்தெடுப்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். படம் வரையும் முறைகள் நாலைந்துதான், ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், பெரியவர்களும்தான்.

முதலில், இந்தப் புதிர்கள் எந்தத் தேர்வில் வருகின்றன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட்டில் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது: 35 நிமிடம், 4 புதிர், ஒவ்வொரு புதிருக்குக் கீழும் ஐந்து முதல் ஏழு கேள்வி. படம் வரையாமல் இதைச் செய்து முடிப்பது யாருக்குமே கஷ்டம், பார்வையற்ற தேர்வர்களுக்கோ அந்த வழியே அடைபட்டது. அதை எதிர்த்து நடந்த வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது, 2024 ஆகஸ்டு முதல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்? பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவப் படிப்புக்கு எழுதும் யூகேட் தேர்வில், முடிவெடுத்தல் என்ற பகுதியில் இதே இனத்துப் புதிர்கள் இன்னமும் வருகின்றன. இந்திய வங்கித் தேர்வுகளில் வட்ட மேசைக் கேள்வி இல்லாத தாளைப் பார்ப்பது அபூர்வம். எல்சாட்டிலேயே மிச்சமிருக்கும் வாதக் கேள்விகளில் "இப்படி என்றால் அப்படி" என்ற அதே கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தவிர, பயிற்சி செய்ய அந்தப் பழைய எல்சாட் புதிர்களைவிடச் சுத்தமாக எழுதப்பட்டவை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். படம் எதுவென்று தீர்மானிக்கும்போது கதையைப் பார்க்காதீர்கள், நிபந்தனைகளைப் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், கதை ஏமாற்றும். ஆறு பேர், மூன்று நாள், நாளுக்கு இருவராகக் கோத்தோங் ரோயோங்கில், அதாவது ஊர்கூடிச் செய்யும் பொதுவேலையில், வேலை செய்கிறார்கள் என்று ஒரு கதை இருக்கட்டும். திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் வரிசைப் புதிர் என்று முடிவு கட்டத் தோன்றும். நிபந்தனைகளைப் படித்தால் "இவரும் அவரும் ஒரே நாளில்", "இந்த இருவர் ஒரே நாளில் வரமாட்டார்கள்" என்றுதான் இருக்கிறது, முன், பின், மறுநாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்போது நாட்கள் வெறும் மூன்று கூடைகள்தான். அதே கதையில் "இவர் அவருக்கு முந்தைய நாள்" என்று ஒரு வரி வந்துவிட்டால் கூடைகளுக்கு வரிசை எண் வந்துவிடுகிறது, படமும் மாற வேண்டும்.

ஆகவே பேனாவை வைப்பதற்கு முன் இரண்டே கேள்வி. நிபந்தனைகள் முன் பின் பற்றிப் பேசுகின்றனவா, சேர்வது பிரிவது பற்றிப் பேசுகின்றனவா? இந்தப் புதிரில் எது அசையாமல் நிற்கிறது? நாட்கள் அசையாது, ஆட்கள்தான் அசைவார்கள். நாற்காலி அசையாது, உட்காருபவர் மாறுவார். அசையாததைத்தான் முதலில் தாளில் நட வேண்டும், பந்தலுக்குக் கால் நடுவது மாதிரி. இரண்டில் எது அசையாதது என்று குழப்பமாக இருந்தால், எதற்கு எத்தனை என்ற கணக்கு தெரிகிறதோ அதை அடியில் போடுங்கள். "ஒவ்வொரு கடையிலும் சரியாக இரண்டு பலகாரம்" என்றால் கடைதான் கால்.

இனி ஒரு முழுப் புதிர். தோட்டத்துக் கோயில் திருவிழா ஆறு நாள், நாளுக்கு ஒரு உபயம். உபயக்காரர்கள் ஆசிரியர்கள் (ஆ), இளைஞர் மன்றம் (இ), கடைக்காரர்கள் (க), லாரி டிரைவர்கள் (லா), பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுபவர்கள் (பா), மாதர் சங்கம் (மா). நிஜத்தில் யார் எந்த நாள் என்பதை முடிவு செய்ய ஒரு கூட்டம், அதில் இரண்டு சண்டை, அப்புறம் தலைவர் வீட்டில் இன்னொரு கூட்டம் என்று போகும். புதிரில் நாலு வரிதான். ஆசிரியர் உபயம் நாலாம் நாள். கடைக்காரர்களுக்கு அடுத்த நாளே லாரி டிரைவர்கள். மாதர் சங்கம் பால்மரம் வெட்டுபவர்களுக்கு முன்னால், எத்தனை நாள் முன்னால் என்று சொல்லவில்லை. இளைஞர் மன்றம் முதல் நாளும் இல்லை, கடைசி நாளும் இல்லை.

எல்லா வரியும் முன், பின், எத்தனையாம் நாள் என்றே பேசுகிறது. நாட்கள் அசையாது. அப்படியென்றால் ஒரு வரிசைக் கோடு போதும்.

1    2    3    4    5    6
__  __  __  ஆ  __  __

மிச்ச நிபந்தனைகளைப் பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். ஒட்டியே வருவதைப் பெட்டியாக [க லா] என்று போடலாம். இடைவெளி தெரியாமல் முன் பின் மட்டும் தெரிவதை மா … பா என்று புள்ளி வைத்து எழுதலாம். இந்த இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதுதான் புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு: "முன்னால்" என்பதை "உடனே முன்னால்" என்று கை எழுதிவிடும். வர முடியாததை அந்தந்த எண்ணுக்குக் கீழே, அதாவது 1-க்கும் 6-க்கும் கீழே இ போட்டு ஒரு கோடு அடித்துவிடுங்கள்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். அதற்கு இரண்டு இடம் ஒட்டினாற்போல் வேண்டும், நாலில் ஆசிரியர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆக 1-2, 2-3, 5-6 என்று மூன்றே வழி. மூன்று வழிதானே, மூன்றையும் போட்டுவிடலாம்.

முதல் வழியில் க, லா முதல் இரண்டு நாள். மிச்சம் 3, 5, 6. ஆறாம் நாள் இ வராது, மா-வும் வராது, ஏனென்றால் அதற்குப் பின்னால் பா வர வேண்டும். ஆகவே ஆறில் பா. மூன்றும் ஐந்தும் இ, மா, எந்தப் பக்கம் வேண்டுமானாலும்.

க லா __ ஆ __ பா

இரண்டாவது வழியில் க, லா இரண்டும் மூன்றும். மிச்சம் 1, 5, 6. இ-க்கு ஐந்து மட்டும்தான் உண்டு. மா ஒன்று, பா ஆறு.

மா க லா ஆ இ பா

மூன்றாவதில் க, லா கடைசி இரண்டு நாள். 1, 2, 3 மிச்சம். முதல் நாள் இ வராது, பா வராது, அதனால் மா. இரண்டும் மூன்றும் இ, பா மாறி மாறி.

மா __ __ ஆ க லா

எண்ணிப் பாருங்கள், மொத்தமே ஐந்து வரிசைதான் சாத்தியம். நிபந்தனை எதுவுமே இல்லாவிட்டால் 720 இருந்திருக்கும். இன்னொன்றும் சும்மாவே கிடைத்துவிட்டது: முதல் நாள் க அல்லது மா மட்டும்தான், கடைசி நாள் பா அல்லது லா மட்டும்தான். "இளைஞர் மன்றம் இரண்டாம் நாள் என்றால் கடைசி நாள் யார்?" என்று கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டாம், இ இரண்டில் வரக்கூடியது மூன்றாவது வழியில் மட்டும், ஆகவே லாரி டிரைவர்கள். "மாதர் சங்கம் முதல் நாளில் இல்லை" என்று வந்தால் முதல் வழி. நிபந்தனைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிற வேலையைப் படம் எடுத்துக்கொண்டுவிட்டது, அதற்காகத்தானே வரைந்தோம். இதே புதிருக்கு ஆறுக்கு ஆறு அட்டவணை போட்டிருந்தால் 36 கட்டம், "ஒட்டி வரும்" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

வழிகளைப் பிரித்து வரைவது எப்போதும் லாபம் இல்லை. பெட்டியோ ஒரு ஆளோ உட்காரக்கூடிய இடம் இரண்டு மூன்று என்று வந்தால் பிரியுங்கள். ஐந்து ஆறு என்று போனால் விட்டுவிடுங்கள், வரைந்தே சோர்ந்துபோவீர்கள். டியூசன் வகுப்புகளில் இந்த "எல்லா வழியையும் வரை" என்பதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வரிசைப் புதிரில் இன்னொரு ரகம் உண்டு. எண் பேசும் நிபந்தனை ஒன்றுகூட இருக்காது, இவர் அவருக்கு முன், அவர் இன்னொருவருக்கு முன் என்றே போகும். அதற்கு எண் போட்ட கோடு வீண். ஆட்களைக் கிளை கிளையாகத் தொடுத்து, யாருக்கு முன்னால் கட்டாயம் எத்தனை பேர், பின்னால் கட்டாயம் எத்தனை பேர் என்று எண்ணினாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

அடுத்தது சேர்வது பிரிவது. பிள்ளைகள் அதிகம் அடி வாங்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஈப்போவில் ஒரு புதிர்ப் போட்டி, வேனில் நாலு இடம், போக ஆசைப்படுபவர்கள் ஏழு பேர்: அமுதா, கவின், சரண், தர்ஷினி, பவானி, மகேன், யாழினி. அமுதா போனால் கவினும் போக வேண்டும். கவினும் சரணும் சேர்ந்து போக மாட்டார்கள். தர்ஷினி போகாவிட்டால் பவானி போக வேண்டும். மகேன் போனால் தர்ஷினியும் போக வேண்டும்.

முன் பின் எதுவும் இல்லை. வரிசைக் கோடு இங்கே உதவாது. அசையாதது எது? வேனுக்குள் நாலு இடம், வேனுக்கு வெளியே மூன்று இடம். வெளியே என்பதையும் சேர்த்து வரையுங்கள், அதை மறக்காதீர்கள், ஏனென்றால் சின்னக் கூடைதான் சீக்கிரம் நிரம்பும்.

உள்ளே: __ __ __ __
வெளியே: __ __ __

நிபந்தனைகளுக்கு அம்புக்குறி. ஒவ்வொன்றையும் எழுதியதும், அதைத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கத்தையும் மறுத்து இன்னொரு வரி எழுத வேண்டும். அமுதா போனால் கவின் போவார் என்றால், கவின் போகாவிட்டால் அமுதா போக மாட்டார்.

அ → க. க இல்லை → அ இல்லை
க → ச இல்லை. ச → க இல்லை
த இல்லை → ப. ப இல்லை → த
ம → த. த இல்லை → ம இல்லை

கவனிக்க வேண்டிய இடம் இரண்டு. கவின் போனால் அமுதா போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்பை மறுக்காமல் திருப்பினால் தவறு, கவின் தனியாகவே போகலாம். இரண்டாவது இடம் தர்ஷினி, பவானி வரி. "தர்ஷினி போகாவிட்டால் பவானி" என்பதைப் படித்ததும் இருவரில் ஒருவர்தான் என்று மனம் முடிவு கட்டிவிடும், பேச்சு வழக்கில் நாம் அப்படித்தானே சொல்கிறோம், "நீ வரலைன்னா தம்பியை அனுப்பு" என்றால் ஒருவர் வந்தால் போதும் என்றுதான் அர்த்தம். புதிரில் அப்படி இல்லை. இருவரும் போகலாம், தடையே இல்லை. இருவரும் வீட்டில் இருப்பது மட்டும்தான் நடக்காது. கவின், சரண் வரியோ நேர் எதிர்: இருவரும் வீட்டில் இருக்கலாம், இருவரும் வேனில் இருக்க முடியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்றுக்கு "ஒருவராவது உள்ளே" என்றும் மற்றதற்கு "ஒருவராவது வெளியே" என்றும் குறித்து வையுங்கள். வெளிக் கூடையில் கவின், சரண் இருவருக்காக இப்போதே ஒரு இடத்தில் க/ச என்று எழுதிவிடலாம், உள்ளே ஒரு இடத்தில் த/ப. ஏழு இடத்தில் இரண்டு ஏறக்குறைய போய்விட்டது.

இப்போது அம்புகளைச் சங்கிலியாகக் கோர்க்கலாம். சரண் போகிறார் என்றால் கவின் இல்லை, கவின் இல்லை என்றால் அமுதா இல்லை. வெளியே இரண்டு இடம் நிரம்பிவிட்டது, ஒன்றுதான் மிச்சம். தர்ஷினியை அங்கே வைக்க முடியுமா? தர்ஷினி வெளியே என்றால் மகேனும் வெளியே, அப்போது வெளியே நாலு பேர், இடம் மூன்றுதான். ஆகவே சரண் போனால் தர்ஷினி கட்டாயம் போக வேண்டும். நிபந்தனைகளில் சரணையும் தர்ஷினியையும் சேர்த்து ஒரு வார்த்தைகூட இல்லை, இருந்தும் இந்த விடை வெளிக் கூடையை எண்ணியதால் வந்தது. இப்படிப்பட்ட கேள்வியைத்தான் தேர்வில் கடைசியாகப் போடுவார்கள்.

"அமுதாவும் மகேனும் போகிறார்கள், வேறு யார்?" என்பது சுலபம். அமுதா கவினை இழுத்து வருவார், மகேன் தர்ஷினியை இழுத்து வருவார், வேன் நிரம்பிவிட்டது.

நாலு பேரைத் தேர்ந்தெடு, பிறகு அவர்களை வரிசையாக நிறுத்து என்று இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை, வரிசைக் கோட்டை வரைந்து பக்கத்தில் "வெளியே" கூடை ஒன்றை வையுங்கள்.

அட்டவணை எப்போது? ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வரலாம் என்றால். தீபாவளிச் சந்தையில் நாலு கடை, முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை மூன்றில் ஒவ்வொரு கடையும் ஒன்றாவது விற்கிறது, இரண்டு கடைகள் ஒரே பலகாரத்தை விற்கலாம். இங்கே ஒருவர் ஓரிடம் என்ற கணக்கு உடைந்துவிடுகிறது, உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி, அதற்கு டிக்கும் கிராசும் பொருத்தம். ரூலர் மட்டும் வேண்டாம், கையால் கோடு போட்டால் போதும்.

வட்ட மேசைக்கு மூன்று விஷயம். மேசையில் முதல் ஆளை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், சுற்றினால் எல்லாம் ஒன்றுதான், ஆகவே அதிக நிபந்தனையில் பெயர் வரும் ஆளை மேலே வைத்து ஆரம்பியுங்கள். இரட்டைப்படை ஆட்கள் என்றால் வட்டத்துக்குப் பதில் குறுக்குக் கோடுகளாகப் போடுங்கள், எதிரெதிர் யார் என்பது தானாகத் தெரியும். அப்புறம் வலது இடது: எல்லோரும் நடுவைப் பார்த்து உட்கார்ந்தால் ஒருவரின் வலது கை கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் இருக்கும். வங்கித் தேர்வுகளில் சிலர் வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு இது அப்படியே மாறும்.

"எல்லாப் பூனையும்", "சில நாய்" என்று வருபவை வேறு இனம், அவற்றுக்கு வென் வட்டங்கள். ஜான் வென் 1880-ல் அறிமுகப்படுத்திய அதே வட்டங்கள்தான், பள்ளிக் கணிதத்தில் பார்த்திருப்பீர்கள். இடம் பிடிக்கும் புதிருக்கு அதை இழுக்காதீர்கள்.

எவ்வளவு வரைவது என்பதும் தேர்வைப் பொறுத்தது, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய எல்சாட்டில் ஒரு புதிருக்கு எட்டே முக்கால் நிமிடம் கிடைத்தது, அதற்குக் கீழே ஐந்தாறு கேள்வி. முதல் மூன்று நிமிடத்தைப் படத்துக்கும் வழி பிரிப்பதற்கும் கொடுத்தால், மிச்சக் கேள்விகளில் அந்த நேரம் வட்டியோடு திரும்பி வரும். யூகேட்டில் 2025 முதல் முடிவெடுத்தல் பகுதிக்கு 37 நிமிடத்தில் 35 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், பெரும்பாலும் ஒரு புதிருக்கு ஒரே கேள்வி. அங்கே மூன்று வழியையும் வரைந்துகொண்டிருந்தால் கதை முடிந்தது. கோட்டைப் போடு, உறுதியான ஆளை வை, பெட்டியை வை, நாலு விடையில் எது உடைகிறது என்று பார், அடுத்ததற்குப் போ. அங்கே லேமினேட் தாளும் மார்க்கர் பேனாவும்தான் தருவார்கள், ஆகவே கூர்மையான பென்சிலால் எறும்பு மாதிரி எழுதிப் பழகியவர்கள் வீட்டிலேயே தடித்த மார்க்கரில் எழுதிப் பழகிக்கொள்வது நல்லது.

பல கேள்வி உள்ள புதிரில் ஒன்று செய்யுங்கள்: "இவர் மூன்றாம் நாள் என்றால்" என்று தொடங்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மூலப் படத்தைத் தொடாமல் கீழே புதிதாக ஒரு வரி எழுதுங்கள். மூலப் படத்திலேயே எழுதி அழித்தால், மூன்றாவது கேள்வியில் எது எப்போதும் உண்மை, எது அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மை என்று தெரியாமல் போகும். கீழே எழுதிய வரிகளுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அவை எல்லாம் சாத்தியமான ஏற்பாடுகள், பின்னால் "எது நடக்கலாம்?" என்ற கேள்வி வரும்போது அவற்றில் ஒன்றிலேயே விடை கிடைக்கலாம்.

பயிற்சிக்கு நான் சொல்வது, புதிரைத் தீர்க்கவே வேண்டாம். பத்துப் புதிரை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகளை மட்டும் படித்து, எது அசையாது என்று சொல்லி, வெறும் எலும்புக்கூட்டை வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஒன்றுக்கு அரை நிமிடம். பிறகு இரண்டை மட்டும் முழுதாகத் தீர்த்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நிபந்தனையை உங்கள் படத்தில் எழுத இடமே கிடைக்கவில்லை என்றால் படம் தவறு என்று அர்த்தம், பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுத்த ரகத்தைப் போடுங்கள். யூகேட் எழுதுபவர்களுக்கு அதிகாரப்பூர்வ தளத்திலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவதற்கு முன் அவற்றை முடித்துவிடுங்கள்.